மேட்டு வரிசை மல்லி

முசரவாக்கம்
8-2-1970

அன்புத் தம்பி பரசுராமனுக்கு அக்கா தேவகி ஆசியுடன் எழுதுவது. நானும் உன் மனைவி கிருஷ்ணம்மாளும் சுகம். பிலாய்க் குளிரில் நீ ஸ்வெட்டர் போடுகிறாயா, பெட்டியிலேயே மடித்து வைத்திருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை.

நீ வைத்துவிட்டுப் போன மோட்டாருக்குப் போன வாரம் கரண்டு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு கொட்டியது பார், என் கை கொள்ளவில்லை. அக்கா அழுதாள் என்று கிருஷ்ணம்மா உனக்கு எழுதினால் நம்பாதே. கண்ணில் தூசி விழுந்தது.

புருஷனைப் பறிகொடுத்து இந்த வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து நம் மல்லித் தோட்டத்துச் சரளை மண்ணுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தவள் நான். ஒரு குடத்தை மூன்று செடிக்குப் பங்கு போட்டு, நாலாவது செடியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு வருவேன். இனி அந்தப் பாவம் எனக்கில்லை. கார்த்திகையில் கவாத்து செய்த மல்லியெல்லாம் இப்போது துளிர்த்து நிற்கிறது. பூக்கார பழனி சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரத்தில் நம் பூவுக்கென்று ஆள் காத்திருக்கிறார்கள் என்று காக்கா பிடித்துவிட்டுப் போனான்.

உன் பெண்டாட்டி என்னைப் போல மோட்டாரைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. தென்னேரி ஏரிக்கரையில் பிறந்தவள் அல்லவா, தண்ணீர் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. உனக்கு ஸ்டீல் பிளாண்ட் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கிளம்ப வேண்டும் என்று டிரங்குப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தேவகி


பிலாய்
26-2-1970

பிரியமுள்ள அக்காவுக்குப் பரசுராமன் வணக்கம். நான் சௌக்கியம். ஸ்வெட்டர் போடுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கண்ணில் தூசி விழுந்த செய்தி கிருஷ்ணம்மா கடிதத்திலும் இருந்தது.

ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. மல்லி நெல் இல்லை. வறண்ட பூமியில் வேர்விட்ட செடி. மண் காய்ந்து, அப்புறம் நனைய வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நம் தோட்டத்தில் மேலேதான் சரளை, அடியில் களிமண். அதிகம் விட்டால் இறங்காமல் வேரில் நிற்கும். மேட்டு வரிசைக்கு மட்டும் வாய்க்கால் தண்ணீர் ஏறாது. அதற்குப் பழையபடி எப்போதாவது குடத்தில் ஊற்று. மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதே.

குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனி, ஆடிக்குள் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

தம்பி
பரசுராமன்


முசரவாக்கம்
12-4-1970

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். இங்கே வெயில் கொளுத்துகிறது. அதைத் தவிர உடம்புக்குக் குறைவில்லை. நீ நலம்தானே?

முதல் பூவைக் கட்டி அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் நினைத்த அளவு பூ இல்லை. இலை மஞ்சளடிக்கிறது. நீ எழுதியபடி விரல் வைத்துப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். இருந்தாலும் உச்சி வெயிலில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. தாகம் இல்லாமலா வாடும்? பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கிருஷ்ணம்மா தண்ணீர்தான் அதிகம் என்கிறாள். ஏரித் தண்ணீரில் நெல் பயிரிடுகிறவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மேட்டு நிலத்துச் செடியின் அருமை என்ன தெரியும் என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நீ ஒன்றும் அவளுக்கு எழுதிக் கேட்காதே, நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.

அக்கா
தேவகி


முசரவாக்கம்
19-6-1970

தம்பி பரசுராமனுக்கு அக்கா எழுதுவது. நலம்தான். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடக் கை ஓடவில்லை.

மல்லி பட்டுப்போய்விட்டது. இலை கருகி, குச்சி குச்சியாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை.

ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. வேறு யார் வாய் மூலமாகவாவது உனக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். வரதர் கருட சேவைக்கு நான் காஞ்சிபுரம் போயிருந்த அன்று கிருஷ்ணம்மா வீட்டுக்குத் தூரமாகிப் பின்கொட்டகையில் இருந்தாள். சாமிக்குப் போகிற பூ. அந்த நாட்களில் நம் வீட்டுப் பெண்கள் தோட்டத்தில் கால் வைப்பதில்லை என்பது உனக்கும் தெரியும். அன்றைக்கு அவள் உள்ளே போய் மோட்டார்க் கொட்டகை வரைக்கும் நடந்து திரும்பியதை எதிர் நிலத்திலிருந்து செல்லியம்மாள் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் செடிகள் மளமளவென்று கருகின.

நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்தான் சொல்கிறது. கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். போன வெள்ளிக்கிழமை அவள் அப்பா கண்ணாயிரம் வந்து தென்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவகி


பிலாய்
5-7-1970

அக்காவுக்கு வணக்கம். நலம், நலமே இருக்க வேண்டுகிறேன்.

கிருஷ்ணம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். ஒரு கார்டு போட்டிருக்கிறாள். போனது நிஜம், எதற்குப் போனேன் என்று அண்ணிக்குத் தெரியும் என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உனக்குத் தெரியுமா? தெரிந்தால் மறைக்காமல் எழுது.

இன்னொன்று. மேட்டு வரிசை என்ன ஆயிற்று? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. அது மட்டும் பிழைத்திருந்தால் காரணம் தண்ணீர்தான், வேறு பேச்சே வேண்டாம். தண்ணீர் போகாத அந்த வரிசையும் பட்டிருந்தால், நான் என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் போல நானும் சாத்திரம் சம்பிரதாயம் என்று பேசுகிறவன் இல்லை. ஆனாலும் அம்மா அந்தத் தோட்டத்தை எப்படி வைத்திருந்தாள் என்பது எனக்கு மறக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் சாவி வந்துவிட்டது. உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் லீவு கேட்க வேண்டும். சீக்கிரம் எழுது.

பரசுராமன்


முசரவாக்கம்
14-8-1970

தம்பிக்கு ஆசிகள். நலம்.

மேட்டு வரிசையும் போய்விட்டது. எதுவும் பாக்கியில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டுக் கேழ்வரகு விதைத்திருக்கிறேன். கிருஷ்ணம்மா எதற்குப் போனாள் என்று என்னைக் கேட்டால்? நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றியாயிற்று. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

தேவகி


பிலாய்
2-9-1970

அக்காவுக்கு வணக்கம். கைக் கொப்புளம் ஆறியதா?

பல நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். பெரியப்பா தணிகாசலத்தையும் இன்னும் நாலு பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு தென்னேரிக்குப் போய் இந்தச் சம்பந்தத்தைப் பேசித் தீர்த்துவிடு. அவள் பெட்டி, பாத்திரம், நகை எல்லாவற்றையும் குறையில்லாமல் கொடுத்துவிடு. செடி போனதற்காக அல்ல. செய்ததற்குக் காரணம் கேட்டால் வாயைத் திறக்காதவளை நம்பி இந்தத் தூர தேசத்தில் நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? மேட்டு வரிசை போன செய்தி வந்த அன்றே என் மனசு விட்டுப்போயிற்று. குவார்ட்டர்ஸைக் கூட வேலை பார்க்கும் ராமலிங்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

என்னைவிட உனக்குத்தான் கஷ்டம், தெரியும். என்னை வளர்த்தவள் நீ. உன்னை விட்டால் எனக்காகப் போய்ப் பேச யார் இருக்கிறார்கள்?

பரசுராமன்


முசரவாக்கம்
11-10-1970

தம்பி பரசுராமனுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதியை இழந்துவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

தென்னேரிக்குப் போனோம். அவள் பெட்டியை என் கையாலேயே வண்டியில் ஏற்றினேன். கண்ணாயிரம் எல்லோருக்கும் பாய் போட்டு மோர் கொடுத்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெட்டியைத் திருப்பி இறக்க வந்தவர்களுக்கு மோர். பெரியப்பா அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

"அன்னைக்கு நீ தோட்டத்துக்குள்ள போனியாமா, இல்லியா?"

"போனேன் மாமா."

"எதுக்குமா போனே?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணியைக் கேளுங்க. அவங்க சொல்லட்டும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கென்னா தெரியும், நான் ஊர்லயே இல்லியே" என்றேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். பேசி முடித்துவிட்டோம். திரும்பி வரும்போது வண்டியில் பெரியப்பா, பொண்ணுக்கு அழுத்தம் ஜாஸ்தி என்றார். நான் தலையாட்டினேன்.

இப்போது நடந்ததைக் கேள். நீ எழுதியபடி நான் ஒரு நாளும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. தினமும் மோட்டாரைப் போட்டேன். ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குப் பிச்சை எடுத்தவளுக்கு அது கொட்டுகிறபோது நிறுத்த மனசு வரவில்லை. இலை மஞ்சளானபோது இன்னும் விட்டேன். வாடியபோது காலையும் மாலையும் விட்டேன். கருட சேவைக்கு விடியலில் கிளம்பும்போது, நான் வருகிற வரைக்கும் குடிக்கட்டும் என்று மோட்டாரை ஓடவிட்டே போனேன். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் நின்றிருந்தது. பின்கொட்டகையிலிருந்து கிருஷ்ணம்மா, தோட்டம் குளமாக நின்றது, கூப்பிட ஆளில்லை, நான்தான் போய் நிறுத்தினேன் என்று சொன்னாள். செடியைக் காப்பாற்ற உள்ளே போனவள் அவள். கொன்றவள் நான்.

செல்லியம்மாள் வந்து அந்தக் கதையைச் சொன்னபோது நான் மறுத்திருக்க வேண்டும். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதுதான் உண்மை. நீ அத்தனை பாடுபட்டு மோட்டார் வைத்துக் கொடுத்தாய். தோட்டத்தை விட்டால் அந்த வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை? நானே அழித்தேன் என்று தெரிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன். பழி தானாக வேறு வாசலுக்குப் போயிற்று. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. மேட்டு வரிசை சாகவில்லை. நீ கேட்டு எழுதியபோது அது பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றது. கிருஷ்ணம்மா கால் பட்டதே அந்த வரிசை ஓரமாகத்தான். தண்ணீர் தேங்காத இடம் அது ஒன்றுதானே. ஊரில் யாரும் அந்தக் கோடி வரைக்கும் வந்து பார்க்கவில்லை. உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். யாராவது வந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று ஒரு நாள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் வேரோடு பிடுங்கினேன். பூவும் மொட்டுமாகத்தான் பிடுங்கினேன். பச்சைச் செடி எரியவில்லை, காய வைத்து எரித்தேன். கைக் கொப்புளம் அதனால் வந்தது.

அவளைப் போய் அழைத்துக்கொள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

தேவகி


பிலாய்
1-11-1970

என் தெய்வமான அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ராமலிங்கத்திடமும் காட்டினேன். அவனும் கண் கலங்கிவிட்டான்.

அக்கா, உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் நான் ஊறுகாய் ஜாடியை உடைத்தபோது நான்தான் உடைத்தேன் என்று சொல்லி நீ அப்பாவிடம் அடி வாங்கினாய். இன்றைக்கும் அதையேதான் செய்கிறாய். மேட்டு வரிசையும் போயிற்று என்று நீயே உன் கையால் எழுதினாய். அந்தக் கடிதம் இதோ என் முன்னால் இருக்கிறது. தண்ணீர் ஏறாத வரிசை எப்படித் தண்ணீரால் சாகும்? பூத்து நிற்கிற செடியை நீ பிடுங்குவாயா? ஒரு குடத்தை மூன்று செடிக்குப் பங்கு வைத்தவள். தென்னேரியில் அவள் நின்ற நிலையைப் பார்த்து உன் மனசு தாங்கவில்லை. அதனால்தான் பழியை உன் தலையில் போட்டுக்கொள்கிறாய்.

சரி, உனக்காக நான் இறங்கி வருகிறேன். அவளை மன்னித்துவிட்டேன். தை பிறந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று அவளுக்கும் எழுதிவிட்டேன். இப்படி ஒரு நாத்தனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். இனி நீ நிம்மதியாக இரு.

உன் தம்பி
பரசுராமன்


முசரவாக்கம்
20-11-1970

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் செல்லியம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி பெண்டாட்டிக்காக இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெரியப்பாவிடமும் போய்ச் சொன்னேன். "உன் மனசு எனக்குத் தெரியாதாமா? நடந்தது நடந்துபோச்சு, விடு" என்று என் தலையில் கை வைத்தார். நேற்று அம்மன் கோயிலில் என்னை முன்னால் நிற்கச் சொல்லி விபூதி கொடுத்தார்கள்.

பரசுராமா, அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஊர் சொல்கிறது என்று எழுதினேன், அதற்கே நம்பினாய். என்னைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியும் நீ நம்பவில்லை. நம்ப வைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. இருந்த ஒரே சாட்சியை நானே பிடுங்கி எரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போகிறேன். போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் கண்ணாயிரத்திடமும் அவளிடமும் சொல்லப் போகிறேன். மன்னித்தேன் என்று எழுதினாயே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். அவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

அக்கா


தென்னேரி
6-12-1970

அண்ணி அவர்களுக்குக் கிருஷ்ணம்மாள் எழுதுவது.

உங்கள் நலத்தை விசாரிக்க மனசு வரவில்லை. விசாரிக்காமல் எழுதியும் பழக்கமில்லை. நலமாக இருக்கிறீர்களா?

நீங்கள் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு அப்பா தெருவில் வீடு வீடாகப் போய் உங்கள் பெருமையைப் பேசிவிட்டு வந்தார். "உன் நாத்தனாரு மாதிரி ஒரு பொம்பளைய பார்க்க முடியாதுமா. உனக்காகப் பழியத் தலைமேல போட்டுக்கினு வந்து நிக்குது" என்றார். நான் அவரிடம், அவர்கள் சொன்னது நிஜம்தான் என்றேன். பெரிய மனுஷியைப் போய் இப்படிப் பேசுகிறாயே என்று அப்பா என்னைக் கோபித்துக்கொண்டார். இந்த ஊரிலும் உங்கள் ஊரிலுமாகச் சேர்த்து நீங்கள் சொன்னதை நம்புகிறவள் நான் ஒருத்திதான்.

உங்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க அன்று எனக்கு வாய் வரவில்லை. வந்த மருமகள் வீட்டுக்கு மூத்தவள் மேல் பழி போட்டாள் என்றுதான் ஆகியிருக்கும். கிளம்பி வந்த அன்று மேட்டு வரிசை பூத்து நின்றதைப் பார்த்தேன். யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போவார்கள், பார்ப்பார்கள், அப்போது நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று அதை நம்பித்தான் இத்தனை மாதமும் சும்மா இருந்தேன். அதையும் பிடுங்கிவிட்டீர்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டது தெரியாமல் செய்தது அண்ணி. அதற்காக எனக்கு உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. இது தெரிந்து செய்தது.

அவர் தையில் வருகிறாராம். மன்னித்தேன் என்று பேச்சை ஆரம்பித்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு எதற்குப் போனாய் என்று கேட்டு, நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அவருக்கும் இப்படியே எழுதிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது.

நீங்கள் வந்து சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குக் கோபம் இருக்கிறது. இங்கே யாரிடமும் அதைச் சொல்லி அழ முடியாதபடி எல்லோரும் உங்கள் பக்கம் இருக்கிறார்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன். பதில் போடாதீர்கள். கோபம் தீர்ந்தால் நானே எழுதுகிறேன்.

கிருஷ்ணம்மாள்